2.8இலிருந்து 2.8க்கு

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டையும் சேர்த்து எடுத்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலையில் இருப்பவர்களில் 2.8 சதவீதம் பேர் வேலைக்குச் சைக்கிளில் போவதாகப் பதிவானது. 2011 கணக்கெடுப்பிலும் அதே 2.8. இந்த இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக வைத்து, "பத்து வருஷத்தில் ஒன்றும் மாறவில்லை, ஜனங்களுக்கு சைக்கிள் வேண்டாம்" என்று முடித்துவிடுகிற பேச்சு எங்கெங்கோ திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. சைக்கிள் பாதை எதற்கு என்று கேட்பவர்கள் சொன்னால்கூடப் பரவாயில்லை, பாதை வேண்டும் என்று கேட்பவர்களே சோர்ந்துபோய் இதைச் சொல்கிறார்கள். அந்தப் பத்து வருஷத்தில் நடந்தது மிகப் பெரிய மாற்றம். அது சராசரிக்குள் புதைந்து கிடக்கிறது. தோண்டி எடுத்துப் பார்க்காவிட்டால் நம் ஊர் எண்களையும் இப்படியே தப்பாகப் படிப்போம், படித்துக்கொண்டும் இருக்கிறோம். அதனால்தான் இதை நிதானமாக எழுத வேண்டியிருக்கிறது.

சதவீதத்தை விட்டுவிட்டு முதலில் தலைகளை எண்ணலாம். 2001இல் சைக்கிளில் வேலைக்குப் போனவர்கள் ஏறத்தாழ 6,51,000 பேர். 2011இல் 7,41,000 பேர். 90,000 பேர் கூடியிருக்கிறார்கள். அதே காலத்தில் வேலையில் இருப்பவர்களின் மொத்தமும் கூடியதால் பங்கு மட்டும் நகராமல் நின்றது. இது முதல் அடுக்கு, பலரும் இதுவரை வந்துவிடுகிறார்கள். வந்தவுடன் "ஆக, ஜனத்தொகை வளர்ந்த அளவுக்கு சைக்கிளும் வளர்ந்தது, அவ்வளவுதான்" என்று நின்றும்விடுகிறார்கள்.

நிற்கக் கூடாத இடம் அதுதான். லண்டனை மட்டும் தனியே எடுங்கள். அங்கே 2001இல் 77,000 பேர், 2011இல் 1,55,000 பேர். பத்து வருஷத்தில் இரண்டு மடங்கு. மொத்த நாட்டின் உயர்வு 90,000, அதில் லண்டனின் பங்கு 78,000. மிச்சம் 12,000. லண்டனுக்கு வெளியே இருக்கிற எல்லா ஊர்களையும், வேல்ஸ் முழுவதையும் சேர்த்தால் 5,74,000 பேர் 5,86,000 ஆகியிருக்கிறார்கள். பத்து வருஷத்தில் 2 சதவீத வளர்ச்சி. அந்த ஊர்களில் வேலை செய்பவர்களின் எண்ணிக்கையோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. அப்படியென்றால் லண்டனுக்கு வெளியே சைக்கிளின் பங்கு குறைந்திருக்கிறது. இன்னும் ஒரு படி இறங்கலாம். பிரைட்டன், பிரிஸ்டல், மான்செஸ்டர், நியூகாசில், ஷெஃபீல்டு ஆகிய நகரங்களில் நல்ல உயர்வு. ஏற்கெனவே உச்சத்தில் இருந்த கேம்பிரிட்ஜ் இன்னும் ஏறி 29 சதவீதத்துக்குப் போனது. இவற்றின் உயர்வை அந்த 12,000இலிருந்து கழித்தால் கணக்கு எதிர்மறைக்குப் போய்விடும். மற்ற ஊர்களில் பங்கோடு சேர்ந்து தலைக்கணக்கே குறைந்திருக்கிறது.

2.8 நகராமல் நின்றதன் பொருள் இதுதான்: ஒரு பக்கம் வேகமான ஏற்றம், இன்னொரு பக்கம் பரவலான இறக்கம், கூட்டிப் பார்த்தால் சுழியம். நகரத்துக்கு நகரம் பிரிக்காமல் நாட்டுக்கு ஒரே எண்ணைச் சொல்வது, சைக்கிள் விஷயத்தில் ஒன்றுமே சொல்லாததற்குச் சமம்.

ஏறியவர்களும் இறங்கியவர்களும்

லண்டன் ஏன் ஏறியது என்பதற்குக் கைவசம் இருக்கும் பதில், நீல வண்ணம் பூசிய சைக்கிள் நெடும்பாதைகளும் வாடகைச் சைக்கிளும். தேதிகளைப் பார்த்தால் இந்தப் பதில் நிற்காது. முதல் இரண்டு நீலப் பாதைகள் திறந்தது 2010 ஜூலையில், வாடகைச் சைக்கிள் வந்ததும் அதே மாதம். கணக்கெடுப்பு நாள் 2011 மார்ச் 27. இடையில் எட்டே மாதம், அதிலும் பாதி குளிர்காலம். காரிலிருந்து கட்டைச் சுவர் வைத்துப் பிரித்த, தேம்ஸ் கரையோரக் கிழக்கு மேற்குப் பாதை வந்தது 2016இல்தான். இரட்டிப்பின் பெரும்பகுதி இவையெல்லாம் வருவதற்கு முன்பே நடந்துவிட்டது.

அதற்கு முன் நடந்ததைப் பார்க்க வேண்டும். 2003 பிப்ரவரியில் நகர மையத்துக்குள் கார் கொண்டுவர நாளுக்கு 5 பவுண்டு நெரிசல் கட்டணம் வந்தது. 2005 ஜூலையில் அது 8 பவுண்டு, 2011 ஜனவரியில் 10 பவுண்டு. மையத்தில் காரை நிறுத்த இடம் கிடைப்பது முன்பே அரிது. சுரங்க ரயிலில் காலையில் மூச்சுவிட முடியாத கூட்டம். இந்த மூன்றுக்கும் நடுவில், மையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வாடகை வீடுகளில் குடியேறிய இளம் சம்பளக்காரர்கள். ஹாக்னி அப்படிப்பட்ட பகுதி. 2011இல் அங்கே வேலைக்குப் போகிறவர்களில் சைக்கிளில் போனவர்கள் 15 சதவீதத்தைத் தாண்டியிருந்தார்கள். அதே மாநகரத்தின் வெளிவட்டத்தில் இருக்கும் ஹாரோ, ஹேவரிங் போன்ற பகுதிகளில் பங்கு மிகச் சொற்பம். லண்டன் முழுவதற்குமான ஏறத்தாழ 4 சதவீதம் என்பதும் இன்னொரு சராசரிதான்.

பாதை இல்லாமல் வந்த உயர்வுக்கு ஓர் அடையாளம் உண்டு. லாரியோடும் பேருந்தோடும் ஒட்டி ஓட்டத் துணிந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். நாடு முழுவதும் சைக்கிளில் வேலைக்குப் போன ஆண்களின் பங்கு பெண்களின் பங்கைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கேம்பிரிட்ஜில் இந்த இடைவெளி மிகக் குறுகியது. ஒரு நகரத்தின் சைக்கிள் எண்ணிக்கை தொடர்ந்து ஏறுமா, ஓர் உயரத்தில் முட்டி நிற்குமா என்று அறிய, மொத்தத்தைவிட இந்த ஆண் பெண் இடைவெளியைப் பார்ப்பது பயன் தரும் என்பது என் கருத்து. துணிந்தவர்கள் எல்லாரும் ஏறி முடித்த பிறகு அடுத்தவர் ஏற, பாதை வேண்டும்.

இறங்கியவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை. ஹல் சமதரையான துறைமுக நகரம், வேலைக்குச் சைக்கிள் மிதிக்கும் பழக்கம் தலைமுறைகளாக ஊறிய ஊர். அங்கே குறைந்தது. ஆலையும் துறைமுகமும் வீட்டிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கும், ஷிப்டு முடிந்து நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வாசலில் இறங்குவார்கள், உள்ளே சைக்கிள் கொட்டகை இருக்கும். இப்படி அமைந்த வேலைகள்தான் அந்தப் பழக்கத்தைத் தாங்கிப் பிடித்தவை. ஆலை மூடியதும் அடுத்த வேலை நெடுஞ்சாலையோரக் கிடங்கிலோ ஊருக்கு வெளியே பெரிய கடைத்தொகுதியிலோ கிடைக்கிறது. தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர், கார் நிறுத்தம் இலவசம், நடுவில் வேகச் சாலையின் வட்டச் சந்திப்பு ஒன்றைக் கடந்தாக வேண்டும். அந்தத் தொழிலாளி சைக்கிளை வெறுத்துவிடவில்லை. சைக்கிள் எட்டும் தூரத்திலிருந்து வேலை நகர்ந்துவிட்டது. படித்த, நகர மையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் புதிதாகச் சைக்கிள் ஏறினால் அது செய்தியாகிறது. உழைப்பாளி ஒருவர் இறங்கினால் பட்டியலில் ஒரு எண் குறைகிறது, அதையும் அடுத்த ஊரின் எண் மூடிவிடுகிறது.

ஒரே ஒரு கட்டம்

எண் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டன் படிவத்தின் கேள்வி, வழக்கமாக வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்பது. ஒரு கட்டத்தில் மட்டுமே குறியிடலாம், பயணத்தில் எது அதிகத் தூரமோ அது. வீட்டிலிருந்து நிலையம் வரை 3 கிலோமீட்டர் சைக்கிளில் வந்து, 20 கிலோமீட்டர் ரயிலில் போகிறவர் ரயில் பயணி. அவருடைய சைக்கிள் எந்தப் பட்டியலிலும் வராது. நெதர்லாந்தில் வீட்டிலிருந்து ரயில் ஏற வருபவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் சைக்கிளில் வருகிறார்கள், உட்ரெக்ட் நிலையத்தின் ஒரு நிறுத்தகத்தில் மட்டும் ஏறத்தாழ 12,500 சைக்கிள் நிறுத்தலாம். பிரிட்டன் கேள்வியை அங்கே கொண்டுபோய்க் கேட்டால் இவர்கள் எல்லாரும் மறைந்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் பத்து வருஷக் கணக்கெடுப்புக்கு இடையே ஆண்டுதோறும் மாதிரி எடுத்துக் கேட்கிறார்கள். கேள்வி, போன வாரம் வழக்கமாக எப்படிப் போனீர்கள் என்பது. வாரத்தில் இரண்டு நாள் சைக்கிள், மூன்று நாள் கார் என்றால் அவர் கார்க்காரர். கேட்கும் விதத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் எளிதில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுவார்கள். போர்ட்லாந்து நகரம் 2000இல் 1.8 சதவீதம், 2014இல் 7.2 சதவீதம். பிறகு கொரோனாவுக்கு முன்பே இறங்கத் தொடங்கி, 2021இல் 3 சதவீதத்துக்கும் கீழே போனது. போட்ட பாதைகள் போட்ட இடத்தில்தான் இருந்தன, நீளவும் செய்தன. ஆனால் மையத்தை ஒட்டிய பகுதிகளில் வாடகை ஏற, சைக்கிள் ஓட்டக்கூடியவர்கள் கிழக்கே தள்ளி, அகலச் சாலைகள் குறுக்கிடும் பகுதிகளுக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு அலுவலகமே வீட்டுக்கு வந்தது. ஹல் ஊரில் வேலை நகர்ந்தது, இங்கே வீடு நகர்ந்தது. இரண்டிலும் முறிந்தது வீட்டுக்கும் வேலைக்கும் இடையே இருந்த ஐந்து கிலோமீட்டர்தான்.

வகுக்கும் எண் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து, வேல்ஸின் 2021 கணக்கெடுப்பைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அது நடந்தது 2021 மார்ச் 21, முடக்கம் இன்னும் முழுதாக நீங்காத நேரம். வேலையில் இருப்பவர்களில் 31.2 சதவீதம் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொன்னார்கள். சைக்கிளின் பங்கு 2.1 ஆகப் பதிவானது. "2.8இலிருந்து 2.1க்கு விழுந்தது" என்று தலைப்பிட எளிது. வீட்டைவிட்டு வெளியே வந்து வேலைக்குப் போனவர்களை மட்டும் எடுத்து வகுத்தால் அந்த 2.1 ஏறத்தாழ 3 ஆகிவிடும். சம்பளத்தோடு வீட்டில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள் எந்தப் பயணத்தை நினைத்துக் கட்டத்தில் குறியிட்டார்கள் என்பதிலும் கலங்கல் உண்டு. இந்த ஒரு வருஷத்து எண்ணை முன்னதோடு நேராக ஒப்பிடவே கூடாது. வீட்டு வேலை என்ற கட்டத்தை ஒதுக்கி இரண்டு வருஷத்தையும் திரும்ப வகுத்த பிறகும், பொடி எழுத்தில் குறிப்புப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

இந்தியாவின் ஒற்றைப் புள்ளி

நம் 2011 கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் தூரமும் வாகனமும் கேட்டார்கள். சொந்த விவசாயிகள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்பவர்கள் ஆகியோரை விட்டுவிட்டு மற்ற தொழிலாளர்களிடம் மட்டும். அப்படிச் சுமார் 20 கோடிப் பேர். அதில் ஏறத்தாழ 2.6 கோடிப் பேர், அதாவது 13 சதவீதம், சைக்கிள். ஆனால் அந்த 20 கோடியில் 6 கோடிப் பேர் பயணமே இல்லை என்று சொன்னவர்கள், வேலை வீட்டிலோ வீட்டை ஒட்டியோ. அவர்களை நீக்கினால் சைக்கிளின் பங்கு 19 சதவீதத்தை நெருங்கும். ஐந்தில் ஒருவர். 13 என்று படிப்பதற்கும் ஐந்தில் ஒருவர் என்று படிப்பதற்கும் இடையே ஒரு சாலையை எப்படி வெட்டுவது என்ற முடிவே மாறலாம்.

அந்தப் பட்டியலுக்குப் பிறகு அடுத்த புள்ளி இல்லை. 2021 கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது. ஆகவே பலரும் வீட்டில் சைக்கிள் இருக்கிறதா என்ற இன்னொரு கேள்வியின் விடையை எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் அதே பொறிதான். 2001இல் 43.7 சதவீத வீடுகளில் சைக்கிள், 2011இல் 44.8. சற்றே ஏற்றம் போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் கிராமங்களில் 42.8 ஆக இருந்தது 46.2 ஆனது. நகரங்களில் 46.0 ஆக இருந்தது 41.9க்கு இறங்கியது. அதே பத்து வருஷத்தில் நகர வீடுகளில் மோட்டார் இருசக்கர வாகனம் 24.7இலிருந்து 35.2க்கு ஏறியது. நகரத்துத் தொழிலாளி எங்கே போனார் என்பது இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது. சைக்கிளிலிருந்து அவர் காருக்குப் போகவில்லை, மொபெட்டுக்கும் பைக்குக்கும் போனார். சென்னையில் 2008இல் எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வில் எல்லாப் பயணங்களிலும் சைக்கிள் 6 சதவீதம், மோட்டார் இருசக்கரம் 25 சதவீதம்.

இந்தியாவையும் இங்கிலாந்தையும் ஒப்பிடும்போது முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. லண்டனில் ஏறியவர் விரும்பி ஏறினார். நம் நகரங்களில் இன்னும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் பேருந்துக் கட்டணமும் பெட்ரோலும் கட்டுப்படியாகாதவர். ஆகவே எண்ணிக்கை குறைவதை எடுத்த எடுப்பில் கெட்ட செய்தி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. பத்து கிலோமீட்டர் வெயிலில் மிதித்துக் கட்டட வேலைக்குப் போனவர் ஒரு பழைய மொபெட் வாங்கினால் அது அவர் உடம்புக்குக் கிடைத்த ஓய்வு. கெட்டது எதுவென்றால், மூன்று கிலோமீட்டர் தூரத்தில் வேலை இருந்தும் மேம்பாலத்துக்கும் வேகமான பேருந்துக்கும் பயந்து ஒருவர் சைக்கிளை நிறுத்துவது. இந்த இரண்டு இறக்கமும் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும். பிரித்துக் காட்டத் தூரம் வேண்டும். 2011 பட்டியலில் ஒரு கிலோமீட்டர் வரை, 2 முதல் 5, 6 முதல் 10 என்று தூரவாரியாகக் கட்டங்கள் இருக்கின்றன. அடுத்த கணக்கெடுப்பின் பட்டியல் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது 2 முதல் 5 கிலோமீட்டர் கட்டத்தைத்தான். அங்கே சைக்கிள் விழுந்திருந்தால் சாலை தோற்றிருக்கிறது.

ரோட்டோரம் நின்று எண்ணுவது

பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் விடைக்காகக் காத்திருக்க முடியாத நகரங்கள் சாலையில் கருவி வைத்து எண்ணுகின்றன. லண்டனின் வணிக மையமான சிட்டி பகுதி, குறிப்பிட்ட 30 இடங்களில் எண்ணியதில் 2022இல் ஒரு நாளைக்கு 89,000 என்றிருந்த சைக்கிள் கணக்கு 2024இல் 1,39,000 ஆனது. கணக்கெடுப்பு 2.1 என்று காட்டிய நாட்டில்தான் இதுவும் நடக்கிறது. ஆனால் இது வேறு வகையான எண். இங்கே எண்ணப்படுவது கோட்டைக் கடக்கும் சக்கரங்கள். போகும்போதும் வரும்போதும் ஒரே ஆள் இரண்டு முறை விழுவார், இரண்டு எண்ணும் இடங்களைத் தாண்டினால் நான்கு முறை. உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர் அன்றைக்கே இருபது முறைகூட விழலாம்.

கருவிகளின் குறைகளும் தெரிந்திருக்க வேண்டும். தாரில் காடி வெட்டிக் கம்பிச்சுருள் பதித்து மூடுவது நிரந்தர வகை. உலோகச் சக்கரம் மேலே போகும்போது சுருளின் மின்தூண்டல் சற்று மாறும், அந்த மாற்றத்தின் வடிவத்தை வைத்துச் சைக்கிள் என்று பிரிக்கும். இருவர் ஒட்டினாற்போல் போனால் ஒன்றாக எண்ணிவிடலாம், கார்பன் சக்கரத்தைத் தவறவிடலாம், ஓரத்தில் ஒதுங்கிப் போகிறவர் சுருளைத் தொடவே மாட்டார். தற்காலிக வகையில் இரண்டு ரப்பர் குழாய்களைச் சாலைக்குக் குறுக்கே சிறு இடைவெளியில் ஆணியடித்து இழுத்துக் கட்டுவார்கள், சக்கரம் ஏறும்போது எழும் காற்றழுத்தத்தை எண்ணும். கனரக வண்டி ஓடும் இடத்தில் குழாய் தளர்ந்துவிடும், தளர்ந்தால் இலேசான சைக்கிளின் துடிப்புதான் முதலில் தொலையும்.

இவற்றைவிடப் பெரிய பிழை இடத்தேர்வில் வருகிறது. ஆற்றின் மேல் ஐந்து பாலங்கள், அதில் ஒன்றில் புதுப் பாதை போடுகிறார்கள் என்று வையுங்கள். அந்தப் பாலத்தில் மட்டும் எண்ணினால் எண்ணிக்கை பாதிக்குப் பாதி ஏறியதாகக் காட்டும். பக்கத்துப் பாலத்தில் போனவர்கள் இங்கே மாறி வந்திருப்பார்கள். பாலங்கள் அனைத்திலும் ஒரே நாளில் எண்ணிக் கூட்டினால்தான் புதிதாக எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும். ஆறு இல்லாத ஊரில் ரயில் தண்டவாளம் அதே வேலையைச் செய்யும். கடக்கும் கேட்டுகள், சுரங்கப் பாதைகள், மேம்பாலங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வோர் ஆளை நிறுத்த வேண்டும்.

நம் ஊரில் ஒரு குடியிருப்போர் சங்கமோ கல்லூரி மாணவர்களோ இதைச் செய்யலாம், பென்சிலும் தாளும் போதும். செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றில் ஒரு நாள். பள்ளி விடுமுறை, திருவிழா, முகூர்த்த நாள் தவிர்க்க வேண்டும். நேரம்தான் முக்கியம். பல ஆய்வுகள் காலை 8 முதல் 10 வரை என்று வைத்துக்கொள்கின்றன, அது அலுவலகக்காரர் நேரம். துப்புரவுப் பணியாளர், காவலாளி, ஆலை ஷிப்டுக்காரர், கட்டட வேலைக்காரர் எல்லாரும் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். காலை 5.30க்குத் தொடங்கி 10 வரை, கால்மணிக்கு ஒரு வரியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். சீருடை மாணவர் தனிக் கட்டம், பால், பேப்பர், காய்கறி என்று சரக்கோடு போகிறவர் தனிக் கட்டம், மற்ற பெரியவர்கள் ஆண், பெண் என இரண்டு கட்டம். மின்சைக்கிளுக்கு ஒரு கட்டம் இப்போதே ஒதுக்கிவிடுவது நல்லது, பின்னால் சேர்த்தால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது. ஓர் ஆள் ஒரு திசையை மட்டும் பார்க்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும், களைத்த கண் சைக்கிளைத்தான் முதலில் தவறவிடும். தாளின் தலைப்பில் மழை, வெயில், அருகில் நடக்கும் சாலை வேலை, நின்ற இடத்துக்குப் பக்கத்து மின்கம்பத்தின் எண் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே வாரத்தில் வேறு யாராவது வந்து நின்றாலும் அதே கம்பத்தடியில் நிற்க வேண்டும்.